எடுத்து வைத்த பாவும் பூட்டாத நிரலும்

சோமனூர் ஜவுளிக்காரரின் ஆபீசில் நான்கு கம்ப்யூட்டர் திரைகளும் ஒன்றாகச் செத்துக் கிடந்ததை முதன்முதலில் நேரில் பார்த்த அன்று, காரணம் தெரிந்ததும் எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. கம்ப்யூட்டரில் ஒரு கோளாறும் இல்லை. கரண்டும் இருந்தது. முன் மேசையில் உட்காரும் கிளார்க், தெரிந்த தறிக்காரர் ஒருவருக்காக, நெசவு நூல் சுற்றிய ஒரு பாவு பீமின் பதிவைத் திரையில் திறந்து வைத்துவிட்டு, அவரையும் கூட்டிக்கொண்டு டீ குடிக்கப் போயிருந்தார். அவர் ஊதி ஊதிக் குடித்து முடிக்கும்வரை அந்த ஆபீசில் யாரும் எதையும் அசைக்க முடியாது.

திரும்பி வந்தவரிடம் கேட்டேன்.

"ஏனுங்க, தொறந்தது தொறந்தபடியே போயிட்டீங்களே?"

"அவுருக்கு எடுத்து வெச்சிருக்கறனுங்க அம்மணி. மூடிப்போட்டா வேற ஆராச்சும் எடுத்துக்குவாங்க இல்லீங்களா?"

சொல்லிவிட்டு, இதுகூடத் தெரியாமலா புரோகிராம் எழுத வந்தாய் என்கிற மாதிரி என்னைப் பார்த்தார்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. நான் கோயமுத்தூர் காந்திபுரத்தில் ஒரு சின்ன சாப்ட்வேர் கம்பெனியில் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. கீழ்த்தளத்தில் கம்ப்யூட்டர் வகுப்பு நடக்கும். மேல்தளத்தில் மில்களுக்கும் கடைகளுக்கும் புரோகிராம் எழுதுவோம். பெண்கள் என்றால் கீழே பாடம் சொல்லிக்கொடுக்கத்தான் என்று எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. மேலே இருந்த ஒரே பெண் நான். என் அப்பாவும் அம்மாவும் கோபிசெட்டிபாளையம் பக்கத்தில் அடுத்தவர் தோட்டத்தில் வாழைக்கும் நெல்லுக்கும் கூலிக்குப் போனவர்கள். எங்கள் வீட்டில் மாதச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் நான். படித்தது கம்ப்யூட்டர், அதுவும் புரோகிராம் எழுதப் படித்தது. கீழே போய் டைப் அடிக்கச் சொல்லிக்கொடுத்துக் காலம் தள்ளுவதற்கு நான் தயாராக இல்லை.

சோமனூர் வேலை என் தலையில் விழுந்தது, அதை எழுதிய சீனியர் பெங்களூருக்குப் பறந்துவிட்டதால். கம்பெனி முதலாளியை நாங்கள் சார் என்போம். நல்ல மனுஷர், ஆனால் பயந்த சுபாவம். வாடிக்கையாளர் போனில் குரலை உயர்த்தினால் இவர் இங்கே எழுந்து நிற்பார். அவர் என்னைக் கூப்பிட்டு நேராகவே சொல்லிவிட்டார்.

"தீபாவளி சீசனுக்குள்ள அது நிக்காம ஓடோணுமுங்க. இல்லீன்னா கம்ப்யூட்டர் பொட்டியத் தூக்கிட்டுப் போங்கன்னு ஜவுளிக்காரரு சொல்லிப்போடுவாரு. அப்பறம் உங்கள மேல வெச்சுக்கறதுக்கு எனக்கு ஒரு காரணமும் இருக்காது. கீழ கிளாசுக்குத்தான் போட முடியும்."

சரி சார் என்றேன். எழுதியவன் ஒருவன், மாட்டிக்கொண்டது நான்.

சோமனூர்த் தொழில் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஜவுளிக்காரர் நூல் வாங்கி, சைசிங்கில் கஞ்சி போட்டு, பெரிய உருளையில் சுற்றி வைப்பார். அந்த உருளைதான் பீம், அதில் சுற்றிய நூல்தான் பாவு. சுற்றுவட்டாரத்தில் தறிக்குடோன், அதாவது விசைத்தறிக் கொட்டகை, வைத்திருப்பவர்கள் பாவை வாங்கிப் போய்க் கூலிக்கு நெய்து துணியாகக் கொண்டுவந்து கொடுப்பார்கள். பாவு கிடைத்தால் தறி ஓடும். கிடைக்காவிட்டால் தறியும் சும்மா, தறி ஓட்டுகிறவரும் சும்மா. அதனால் காலையில் அந்த ஆபீசு வாசலில் எப்போதும் கூட்டம் நிற்கும். முன் மேசையில் இரண்டு திரை, பீம் அடுக்கிய குடோனில் ஒன்று, அங்கே முதலாளியான ஜவுளிக்காரர் அறையில் ஒன்று. நான்கும் உள்ளே இருந்த ஒரே கம்ப்யூட்டரோடு பேசும்.

பூட்டு ஏன் வந்தது என்றால், ஆரம்பத்தில் ஒரே பீமை இரண்டு திரையிலிருந்து இரண்டு பேருக்குக் கொடுத்துவிட்டார்கள். இரண்டு டெம்போ குடோன் வாசலில் வந்து நின்று, இரண்டு தறிக்காரர்களும் ஒரு பீமின் இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டு இழுத்திருக்கிறார்கள். உடனே சீனியர், ஒருவர் பீமைத் திறந்தால் மற்றவர் தொட முடியாதபடி பூட்டுப் போட்டார். அந்த பீமை மட்டும் பூட்டினால் போதாதென்று மொத்த இருப்பையும் சேர்த்துப் பூட்டினார். அப்புறம் தறிக்காரர் கணக்குக்குத் தனியாக ஒரு பூட்டு. ஒரு திரை பீமைப் பூட்டிக்கொண்டு கணக்குக்குக் காத்திருக்கும், இன்னொரு திரை கணக்கைப் பூட்டிக்கொண்டு பீமுக்குக் காத்திருக்கும். வாசலில் இரண்டு மரியாதைக்காரர்கள் "நீங்க போங்க", "இல்லீங்க, நீங்க போங்க" என்று நிற்பது மாதிரி இரண்டும் நிற்கும். மனிதர்களாக இருந்தால் யாராவது ஒருவருக்குப் பொறுமை போய்விடும். கம்ப்யூட்டருக்குப் போகாது.

இதில் கிளார்க்கின் உபசாரமும் சேர்ந்துகொண்டது. வேண்டியவர் வந்தால் பீமைத் திறந்து, திரையை அவர் பக்கம் திருப்பிக் காட்டி, "பாத்துக்குங்க, உங்குளுக்குத்தான்" என்று சொல்லி, அப்படியே வைத்துவிடுவார். பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்பது மாதிரிதான். துண்டு கிடக்கிற சீட்டில் நம்மூரில் யாரும் உட்கார மாட்டார்கள் அல்லவா?

நான் முதலில் எல்லோரும் செய்வதைத்தான் செய்தேன். கொஞ்ச நேரம் யாரும் விசையைத் தொடாவிட்டால் பூட்டு தானாகத் திறந்துகொள்ளும்படி எழுதினேன். கிளார்க் அதை ஒரே வாரத்தில் கண்டுபிடித்துவிட்டார். டீக்குப் போகும்போது, "அந்தப் பொத்தான அப்பப்ப ஒரு தட்டு தட்டி உடுங்க" என்று வாசலில் இருப்பவர்களிடம் சொல்லிவிட்டுப் போவார். போகிறவர் வருகிறவர் எல்லாம் ஆளுக்கொரு தட்டு தட்டினார்கள். நூல் மூட்டை தூக்கி வந்தவர்கூட மூட்டையை இறக்கிவிட்டு வந்து தட்டிவிட்டுப் போனதை என் கண்ணால் பார்த்தேன். இவ்வளவு ஒத்துழைப்பு எனக்கு ஆபீசில் யாரும் கொடுத்ததில்லை.

சார் சொன்னார், அந்தக் கிளார்க்கைத் திருத்துங்கள் என்று. எனக்குச் சுருக்கென்றது. ஒருத்தர் ஆயுசு பூராவும் பழகிய மரியாதையை ஒரு புரோகிராமுக்காக மாற்றச் சொல்வதா? மாற வேண்டியது புரோகிராம்தான் என்று அன்றைக்கே முடிவு செய்தேன். ஆனால் எப்படி என்று தெரியவில்லை. கோளாறு என்று போன் வரும், பஸ் பிடித்துப் போவேன், நான் போய் நின்றால் எல்லாம் அழகாக ஓடும். டாக்டரைப் பார்த்ததும் காய்ச்சல் ஓடிவிட்ட பிள்ளை மாதிரி திரைகள் என்னைப் பார்த்து மினுக்கும். திரும்பிக் கோயமுத்தூர் வந்து இறங்குவதற்குள் மறுபடியும் போன் வந்திருக்கும். எத்தனை தடவை இப்படி அலைந்தேன் என்று எண்ணவில்லை. கண்டக்டருக்கு என் முகம் பழகிவிட்டது.

அப்படி ஒரு பஸ் பயணத்தில்தான் கல்லூரியில் படித்த ஒரு பாடம் ஞாபகம் வந்தது. ஃபங்ஷனல் புரோகிராமிங் என்று அதற்குப் பெயர். வகுப்பில் யாருக்கும் பிடிக்காத பாடம். திரை நிறைய அடைப்புக்குறிகளாக இருக்கும். ஒரு பெயருக்கு ஒரு மதிப்பைக் கொடுத்தால் கொடுத்ததுதான், பிறகு அதை மாற்றக்கூடாது. மாற்றாமல் எப்படி புரோகிராம் எழுதுவது, இதெல்லாம் வேலைக்கு ஆகுமா என்று கேலி செய்வார்கள். எனக்கு மட்டும் அது பிடித்திருந்தது. தமிழில் கணக்குப் படித்து வந்தவள் நான். ஃபங்ஷனைச் சார்பு என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தது அப்படியே அங்கே இருந்தது. கொடுத்ததை வாங்கும், விடையைச் சொல்லும், அக்கம்பக்கத்தில் எதையும் தொடாது. இன்றைக்குக் கேட்டாலும் நாளைக்குக் கேட்டாலும் ஒரே கேள்விக்கு ஒரே விடை. மனிதர்களிடம் கிடைக்காத நாணயம் அது என்று அப்போதே தோன்றியது.

பஸ்ஸில் யோசித்தேன். எதற்குப் பூட்டு? ஒருவர் மாற்றிக்கொண்டிருக்கும்போது இன்னொருவர் மாற்றிவிடக்கூடாது என்று. அப்படியானால் யாருமே எதையும் மாற்றாவிட்டால்? பூட்டவே வேண்டாம். எழுதிவிட்ட ஒன்றை நூறு பேர் ஒரே நேரத்தில் படிக்கலாம், யாருக்கும் யாரும் இடைஞ்சல் இல்லை.

ஆனால் பாவு கை மாறுகிறதே? அங்கேதான் பொறி தட்டியது. பாவு மாறுவதில்லை, பாவுக்கு ஏதோ நடக்கிறது. சைசிங்கிலிருந்து வந்தது. இன்னார் கேட்டார். இன்னாருக்குக் கொடுத்தாயிற்று. துணியாகத் திரும்பி வந்தது. நடந்தது ஒவ்வொன்றும் ஒரு வரி. நடந்ததை யாரும் நடக்காததாக்க முடியாது, அதனால் எழுதிய வரியை அழிக்கவும் வேண்டியதில்லை. அடியில் சேர்த்துக்கொண்டே போகலாம். இப்போது எந்தப் பாவு யாரிடம் இருக்கிறது என்று கேட்டால், வரிகளை எல்லாம் வாங்கிப் பார்த்து விடை சொல்ல ஒரு சார்பு போதும். சேர்க்கும்போது மட்டும் வரிசை வேண்டும். அதற்கு ஒரே ஒரு சின்ன நிரல், எந்தத் திரையிலிருந்து என்ன வந்தாலும் வந்த வரிசையில் ஒவ்வொன்றாக வாங்கும். இதுவரை நடந்தது இது, இப்போது வந்த வேண்டுகோள் இது என்று பார்க்கும். முடியும் என்றால் சேர்க்கும், முடியாதென்றால் முடியாது என்று சொல்லும். இரண்டு பேர் ஒரே பீமைக் கேட்டாலும் முதலில் வந்தவருக்குத்தான் போகும். யாரும் யாரையும் நிறுத்தி வைக்க வேண்டியதில்லை.

சோமனூரில் இறங்காமல் அதே பஸ்ஸில் திரும்பிவிடலாமா என்று இருந்தது. அவ்வளவு சந்தோஷம்.

சாருக்குச் சொன்னேன். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"ஊரு ஒலகத்துல அத்தன பேரும் பூட்டுப் போட்டுத்தான் பண்றாங்க. நீங்க மட்டும் பூட்டே வேண்டாமுங்கறீங்க."

"அத்தன பேரும் பூட்டுப் போட்டுட்டு அத்தன பேரும் போன் வர்றப்ப ஓடறாங்க சார்."

"சீசனுக்குள்ள முடியுமா?"

"முடிச்சுக் காட்டறேனுங்க. இல்லீன்னா நானே கீழ போறேன்."

வாயைக் கொடுத்துவிட்டேன். இனி எழுதித்தான் ஆக வேண்டும்.

அந்த அடைப்புக்குறி மொழியை அங்கே இருந்த கம்ப்யூட்டரில் போட வழியில்லை. கையில் இருந்தது சி மொழி, நினைத்ததையெல்லாம் நினைத்த இடத்தில் மாற்ற விடும் மொழி. ஆகவே கட்டுப்பாடு என்னுடையதாக இருக்கட்டும் என்று தொடங்கினேன். பழைய புரோகிராமைப் பிரித்துப் பார்த்தால் தலை சுற்றும். எல்லா இடத்திலிருந்தும் எல்லோரும் கையை விட்டு மாற்றும் பொது மதிப்புகள் ஏகப்பட்டவை இருந்தன. கூலியைத் திருத்தினால் இருப்பு தப்பும், இருப்பைத் திருத்தினால் சீட்டு அச்சாகாது. சார் இதை ஊர்ப் பொதுக்கிணறு என்பார். எங்கள் தெருவுக்கு எந்தக் கிணறு பொதுவாக இருந்தது என்று நான் அவரிடம் கேட்டதில்லை. என் புரோகிராமில் அப்படி ஒரு கிணறே வேண்டாம் என்று விட்டேன். ஒவ்வொரு சார்பும் தனக்குக் கொடுத்ததை வைத்து மட்டும் பேச வேண்டும். வெளியே எதையும் எடுக்கக்கூடாது, வெளியே எதையும் போடக்கூடாது. போட்டே ஆக வேண்டிய வேலைகளான கோப்பில் எழுதுவது, அச்சடிப்பது, திரையில் காட்டுவது எல்லாம் ஓரத்தில் ஒரே இடத்தில்.

காலையில் வகுப்புகள் தொடங்குமுன் வந்துவிடுவேன். கூட்டிப் பெருக்கும் அம்மா எனக்கு முன்னால் வந்து கதவு திறந்து வைத்திருப்பார். மேல்தளத்துப் பையன்கள் காப்பிக் கோப்பையோடு வந்து என் முதுகுக்குப் பின்னால் நின்று பார்ப்பார்கள். முதல் தடவை ஓட்டிக் காட்டியபோது கேலி தாங்கவில்லை. ஒரு பீம் யாரிடம் இருக்கிறது என்று கேட்டால் என் சார்பு ஆதி வரியிலிருந்து எண்ணி வருவதற்குள் அவர்கள் காப்பியைக் குடித்துக் கோப்பையையும் கழுவி வைத்துவிட்டார்கள். "பூட்டே இல்ல, ஆனா வேலையும் இல்ல" என்றான் ஒருவன். அவன் முன்னால் அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். மத்தியானம் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது வழி தெரிந்தது. நேற்றுவரை நடந்தது இனி மாறப்போவதில்லை. மாறாதது என்றால் அதற்கான விடையும் மாறாது. தினமும் ஆபீசு மூடும்போது அன்றுவரைக்குமான விடையை எடுத்து வைத்துவிட்டால், மறுநாள் அன்றைய வரிகளை மட்டும் அதன்மேல் கூட்டினால் போதும். கூட்டினேன். விசையைத் தட்டின கையை எடுக்குமுன் விடை வந்து நின்றது. கோப்பையோடு நின்றவனைத் திரும்பிப் பார்த்தேன். வேறு பேச்சு பேசத் தொடங்கிவிட்டான்.

இன்னொரு லாபமும் இருந்தது, நான் எதிர்பார்க்காதது. ஒத்திகையாக ஓட்டிப் பார்த்த நாட்களில் சோமனூரில் ஏதாவது தப்பாகத் தெரிந்தால், அன்றைய வரிகளை ஒரு பிளாப்பியில் போட்டு பஸ்ஸில் கொடுத்தனுப்பச் சொல்வேன். காந்திபுரத்தில் என் மேசையில் அதே வரிகளை ஓட்டினால் அதே தப்பு அப்படியே வந்து நிற்கும். அதே கேள்விக்கு அதே விடைதானே. ஒரே ஆள் அவசரத்தில் இரண்டு தடவை கேட்டுவிட்டால் இரண்டு பீம் எழுதிக்கொண்டிருந்தது என் நிரல். அதை இங்கேயே பிடித்து இங்கேயே திருத்தினேன். நான் போய் நின்றதும் ஓடி ஒளியும் காய்ச்சல் அதோடு ஒழிந்தது. எழுதியவள் நானே என்றாலும், என் புரோகிராம் முழுவதையும் ஒரே நேரத்தில் மனதில் தூக்கி வைத்துக்கொண்டு திரிய வேண்டியதில்லை என்பது எவ்வளவு பெரிய ஆறுதல் தெரியுமா? கையில் இருக்கும் ஒரு சார்பு சரியா என்று மட்டும் பார்த்தால் போதும்.

சீசன் தொடங்குமுன் சோமனூரில் முழுசாகவே போட்டோம். கிளார்க் வழக்கம்போல் ஒரு பீமைத் திறந்து வைத்துவிட்டு டீக்குப் போனார். மற்ற திரைகள் பாட்டுக்கு ஓடின. குடோனில் பீம் ஏறியது, இறங்கியது. முதலாளி தன் அறையிலிருந்து எட்டிப் பார்த்து, "இன்னிக்கு நிக்கலியா?" என்று கேட்டார். சார் நிம்மதியாக மூச்சு விட்டார். நிஜமான சோதனை இதுவல்ல என்று எங்கள் இருவருக்குமே தெரியவில்லை.

அது சில நாள் கழித்து வந்தது. சீசன் சூடு பிடித்திருந்தது, எல்லோருக்கும் பாவு வேண்டும். நானும் சாரும் ஏதாவது குறை இருக்கிறதா என்று பார்க்கப் போயிருந்தோம். இரண்டாவது திரைக்காரர் வரவில்லை என்று நானே உட்கார்ந்துகொண்டேன். தறிக்காரம்மா ஒருவர், நாலைந்து தறிகளைப் புருஷனும் பெண்டாட்டியுமாக ஓட்டுகிறவர், ஆபீசு திறக்குமுன்பே வந்து வாசல் ஓரமாக நின்றிருந்தார். அவரை உள்ளே வாருங்கள் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லாமல் விடப்படுகிறவர்களை எனக்கு அடையாளம் தெரியும். நான் கூப்பிட்டு, அவர் கேட்ட ரகப் பாவுக்கு வரியைச் சேர்த்தேன். அந்த ரகத்தில் இருப்பு எதுவும் இல்லை, சைசிங்கிலிருந்து ஒன்று வர வேண்டியிருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து கிளார்க்குக்கு ஒரு போன் வந்தது. முதலாளியின் ஒறம்பரை, அதாவது சொந்தக்காரர், தங்கை வீட்டு மாப்பிள்ளை வழி. அவருக்கும் அதே ரகம்தான் வேண்டும். "வெச்சிருக்கறனுங்க, நீங்க டெம்போ எடுத்துட்டு வாங்க" என்றார் கிளார்க். வர வேண்டிய பீமைத் திரையில் திறந்து வைத்துவிட்டு, தன் வேலை முடிந்தது என்று எழுந்து போனார். பீம் வந்து இறங்கியது. வரிசையில் முதலில் இருந்த பெயருக்கு, தறிக்காரம்மாவின் பெயருக்கு, நிரல் கொடுத்துவிட்டது. குடோனில் அவர் பெயருக்குச் சீட்டு அச்சானது.

அந்தம்மா பீமை வண்டியில் ஏற்றுவதற்குள் ஒறம்பரையின் டெம்போ வந்து நின்றது. குடோன் வாசலில் ஒரே கூச்சல். கிளார்க் என்னிடம் ஓடிவந்தார். "நா எடுத்து வெச்சிருந்தேனுங்களே அம்மணி!" அவர் முகத்தில் கோபத்தைவிட அவமானம் அதிகம். கொடுத்த வாக்கு தவறிவிட்டதே என்று.

முதலாளி அறையை விட்டு வெளியே வந்தார். விஷயத்தைக் கேட்டார். என் பக்கம் திரும்பினார்.

"இந்தா புள்ள, அதுல மாப்ள பேர முன்னால போட்டுடு. அந்தம்மாளுக்கு முன்னயே கேட்டதா ஒரு வரி."

சார் என் காதருகே குனிந்தார். "போட்டுக் குடுத்துடுங்க அம்மணி. ரெண்டு நிமிஷ வேல."

உண்மைதான், அவ்வளவுகூட ஆகாது. கோப்பு என்பது கோப்புதான், அதற்குக் காவல்தெய்வம் எதுவும் இல்லை. எனக்கு எங்கே கை வைக்க வேண்டும் என்று தெரியும். முடியாது என்று சொன்னால் பொய். மாட்டேன் என்பதுதான் நிஜம். நடந்ததில் ஒரே ஒரு வரியை இடையில் செருகலாம் என்றால், அதற்குப் பிறகு அந்தப் புரோகிராமின் எந்த விடையையும் நான் நம்ப முடியாது. நான்கு திரையும் நான்கு விதமாகப் பேசும். பழையபடி பூட்டு வரும், பூட்டைத் தட்டிவிட ஆள் வரும். இது ஒரு காரணம். இன்னொரு காரணம் வாசலில் கையில் சீட்டோடு நின்றுகொண்டிருந்தது.

எழுந்து நின்று சொன்னேன்.

"பழசுல கை வெக்க மாட்டேனுங்க. புதுசா சேக்கலாமுங்க. அந்தம்மாளுக்குக் குடுத்தத முதலாளி திருப்பி வாங்கி மாப்பிள்ளைக்குக் குடுத்தாங்கன்னு ஒரு வரி போட்டா, உடனே மாறிக்கும். உங்க பேரு வரும், நேரம் வரும். நாலு திரையிலயும் தெரியும்."

"எம்பேரு என்னத்துக்கு?"

"குடுக்கறது நீங்கதானுங்களே."

முதலாளி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"எந்தூரு நீயி?"

"கோபிப் பக்கமுங்க."

"கோபில ஆரு ஊட்டுப் புள்ள?"

அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று எங்கள் பக்கத்தில் பிறந்த எல்லோருக்கும் தெரியும். கல்லூரியில், ஹாஸ்டலில், வாடகை வீட்டு வாசலில் என்று எத்தனையோ தடவை அதை மழுப்பிக் கடந்திருக்கிறேன். அன்றைக்கு மழுப்பத் தோன்றவில்லை.

"தோட்டத்துல கூலி வேல செய்யறவங்க ஊடுங்க."

சார் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டார். அந்த நேரம் பார்த்துத் தறிக்காரம்மா வாசலிலிருந்து, "பரவால்லீங்க, நாங்க வேணுமின்னா நாளைக்கு வாரோமுங்க" என்றார். அவர்மேல் எனக்கு வந்த கோபம் முதலாளிமேல்கூட வரவில்லை. பிறகு புரிந்தது. நாளைக்கும் மறுநாளும் அவர் இந்த வாசலில்தான் பாவுக்கு நிற்க வேண்டும். நான் பஸ் ஏறிப் போய்விடுவேன்.

முதலாளி திரைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார். எப்படிப் போடுவது என்று கேட்டார். காட்டினேன். அவர் பெயர் திரையில் வந்தது, இன்னாரிடமிருந்து எடுத்து இன்னாருக்கு என்று கீழே முழு வரியும் வந்தது. கடைசி விசையை அழுத்த வேண்டும். விரல் அதன்மேல் இருந்தது. சுற்றிலும் தறிக்காரர்கள் ஒருவர் தோளுக்கு மேல் ஒருவர் எட்டி அந்த வரியைப் படித்தார்கள். எழுத்துக் கூட்டிப் படித்த ஒருவர் சத்தமாகவே படித்தார்.

விரலை எடுத்துவிட்டார். எழுந்து வாசலைப் பார்த்து, "நாளைக்கு எதுக்கு வர்றீங்க? பீம ஏத்திட்டுப் போங்க" என்றார். ஒறம்பரையிடம், "மாப்ள, உங்குளுக்கு நாளைக்கு வர்ற பீமு" என்றார். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

பஸ் கோயமுத்தூரை நெருங்கும்போது சார் சொன்னார், "நாளையிலருந்து கொஞ்ச நாளு கீழ கிளாஸப் பாத்துக்குங்க. அவரு கோவம் ஆறட்டும்." புரோகிராம் நிற்கவில்லை, சொன்ன கெடுவுக்குள் ஓடியது, ஆனாலும் கீழே போக வேண்டும். நியாயமா இது என்று கேட்டால் அழுதுவிடுவேன் என்று தெரிந்ததால் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் வந்தால் என் மேசைமேல் இருந்த சாமான்களையும் நாற்காலியையும் கீழே வகுப்பறையில் கொண்டுபோய் வைத்திருந்தார்கள். ஒரு நிமிடம் நின்று பார்த்தேன். பிறகு சாமான்களை அள்ளித் துப்பட்டாவில் முடிந்துகொண்டு, நாற்காலியைத் தலைக்கு மேல் தூக்கி, படியேறினேன். நடுவழியில் சார் இறங்கி வந்துகொண்டிருந்தார்.

"இன்னும் சோமனூர்க்காரரு போன் பண்ணலீங்க" என்றார்.

"அவரு பண்ணுனாலும் பண்ணாட்டியும் அது அங்க ஓடிட்டுத்தான் இருக்குதுங்க சார். அதத் தெரிஞ்ச ஆளு மேலதான் இருக்கோணும்."

நாற்காலியின் கால் சுவரில் உரசியது. சார் சுவரோரம் ஒதுங்கினார்.

சார் பயந்தபடி முதலாளி பெட்டியைத் திருப்பி அனுப்பவில்லை. நல்லவராகவும் ஒரேயடியாக மாறிவிடவில்லை. அந்த சீசனிலேயே பல தடவை தன் பெயரைப் போட்டு விசையை அழுத்தினார். போடட்டும். போட்டது நான்கு திரையிலும் தெரிந்தது. ஆனால் கம்பெனிக்கு முதலில் வந்த போன் அவருடையது இல்லை. நான் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மேலே போன அந்த வாரமே சோமனூரிலிருந்து கிளார்க் கூப்பிட்டார். எடுத்தது சார். "மேல இருக்கற அம்மணிகிட்டக் குடுங்க" என்று கேட்டிருக்கிறார். கொடுத்தார்.

"ஏனுங்க அம்மணி, கேட்டாங்கன்னு ஒரு வரி இருக்குது, குடுத்தாச்சுன்னு ஒரு வரி இருக்குது. எடுத்து வெச்சிருக்கறதுக்குன்னு ஒரு வரி போட்டுத் தர முடியுங்களா? முன்னால கேட்டவங்களுக்குக் குடுத்தது போக மிச்சம் இருந்தா மட்டும் போதுமுங்க. வெச்சது ஆருன்னு எம்பேரே போட்டுக்கோங்க, பரவால்ல."

சார் எதிரிலேயே நின்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போட்டுடலாமுங்க" என்றேன். "பழச எதையும் மாத்த வேண்டியதில்லீங்க."